சைபர் பார்த்தவர்

அம்பத்தூர் மார்க்கெட்டுக்கு அவரோடு போனால் மானம் போய்விடும். வாங்குவது என்னவோ கால் கிலோ அவரைக்காய். கடைக்காரர் காயை அள்ளித் தட்டில் போடப் போகும் நேரத்தில் கையைக் குறுக்கே நீட்டுவார்.

"இரு, இரு. மொதல்ல சும்மா தூக்கு."

"இன்னா சார், என் மேல நம்பிக்கை இல்லியா?"

"உன் மேல கீதுப்பா. தராசு மேலதான் இல்ல. சும்மா தூக்கு, முள்ளு எங்க நிக்குதுன்னு பாப்போம்."

வெறும் தட்டோடு தராசைத் தூக்கிக் காட்டினால், முள் நடுவில் நிற்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, "ம், போடு" என்பார். பின்னால் நிற்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். நான் அவரைத் தெரியாதவன் மாதிரி எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருப்பேன்.

அலுவலகத்தில் அவருக்குச் சைபர், அதாவது பூஜ்யம், என்று பெயர். நேரில் சைபர் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் சைபர். அவருக்கும் அது தெரியும், கோபம் கிடையாது. "சைபர் சரியா போட்டாதான் நைனா மத்த நம்பருக்கு மரியாதை" என்று சிரிப்பார். அவருடைய உண்மைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வேலை காற்றை அளப்பது. தரையில் நின்று அல்ல, பறந்து. மீனம்பாக்கத்திலிருந்து வாடகைக்கு எடுத்த சின்ன இரட்டை என்ஜின் விமானம். முன்னால் கேப்டன். பின்னால் இரண்டு இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெல்ட் போட்டுக் கட்டிய எங்கள் கருவி. அதன் எதிரே அவர், பக்கத்தில் குறிப்பெழுத நான். கருவியிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் ஜன்னல் வழியாக வெளியே போய், என்ஜின் புகை படாத பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மேலே, மொட்டை மாடியில் காயும் துணியின் நிறம் தெரிகிற உயரத்தில், நேர்கோடாகப் போய்த் திரும்புவோம். ஆவடிப் பக்கம் ராணுவத் தொழிற்சாலை இருப்பதால் அங்கே மட்டும் கேப்டன் கோட்டை விட்டு ஓர் அங்குலம் நகர மாட்டார்.

"இவ்ளோ கஷ்டம் எதுக்குடா? ஒரு பாட்டில்ல புடிச்சாந்து வீட்ல வச்சுப் பாக்கக் கூடாதா?" என்று என் அப்பா கேட்பார். அவர் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர், நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பாட்டிலில் பிடிக்க முடியாது. நாங்கள் தேடிய வாயுக்கள் எதைத் தொட்டாலும் அதோடு சேர்ந்து வேறொன்றாகிவிடும். பாட்டிலின் சுவரைத் தொட்டால் தீர்ந்தது. அவை இருக்கிற இடத்துக்கு நாம்தான் போகவேண்டும். அளவும் அவ்வளவு சொற்பம், ஏரித் தண்ணீரில் ஒரு டம்ளர் மோரை ஊற்றிவிட்டுத் தேடுவது மாதிரி.

அதனால் கருவிக்கு முதலில் 'ஒன்றுமில்லை' என்றால் என்னவென்று காட்டவேண்டும். ஒரு வால்வைத் திருப்பினால் வெளிக்காற்று, மருந்தேற்றிய கரி நிரப்பிய குழாய் வழியாக உள்ளே வரும். கரி அந்த வாயுவைத் தின்றுவிடும். வரைதாளில் ஓடும் பேனா கீழ்க்கோட்டுக்கு இறங்கும். சற்று மேலே நின்றால் ஒரு திருகைத் திருப்பிக் கோட்டில் உட்காரவைக்கவேண்டும். அதுதான் சைபர். பிறகு வால்வை நேரே வெளிக்காற்றுக்குத் திறந்தால், பேனா எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வாயு. மற்றவர்கள் மீனம்பாக்கத்திலேயே சைபர் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் ஒப்பமாட்டார். "கீழ போட்ட சைபர் மேல செல்லாது" என்று, ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும், அம்பத்தூர் தொழிற்பேட்டை மேலே வந்ததும் மறுபடி ஒருமுறை போடுவார். கேப்டன் திரும்பிப் பார்த்து வாட்சைத் தட்டிக் காட்டுவார். இவர் கண்டுகொள்ள மாட்டார்.

இந்தப் பழக்கம் அவர் வாழ்க்கை பூராவும் ஊறிப்போயிருந்தது. காய்ச்சல் பார்க்க வரும் நர்ஸிடம், "உதறினியாம்மா? காட்டு" என்று தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கோயிலில், அதாவது பூந்தமல்லியில் அவர்கள் போகும் மாதா கோயிலில், பாடற்குழுவில் இருந்தார். ஆர்மோனியக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் அவருக்காக முதல் கட்டையை அமுக்கிக் காட்டவேண்டும். ஃபாதரே ஒருநாள், "ஆண்டவருக்கும் சைபர் போடுவீரா?" என்று கேட்டாராம். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு அவரிடம் பஞ்சாயத்துக்கு வந்தால், "ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் வாய மூடிகினு குந்துங்கோ. அப்பால சொல்லுங்கோ" என்பார். ஐந்து நிமிடம் ஆனதும் பாதிச் சண்டை தானாகப் போயிருக்கும்.

ஆனால் மனிதர்கள் சொல்வதைச் சரிபார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. யார் என்ன சொன்னாலும் நம்பினார். தராசும் கருவியும் தாங்களாகப் பொய் சொல்லும், மனுஷன் பொய் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்பது அவர் கட்சி. தன்னிடம் பொய் சொல்ல யாருக்கும் என்ன காரணம் இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்.

அவர் தங்கை கொரட்டூரில், தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தார். ஒருமுறை அங்கே என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனார். தங்கை ஒரு நைலக்ஸ் புடவையைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசியால் குத்தினாற்போல ஓட்டைகள்.

"கொடில காயப்போட்டது சார். காலைல அந்த ஷெட்லேந்து செவப்பா ஒரு பொக வரும். வந்த அன்னிக்கி துணி இப்படி ஆய்டும். துணியே இப்படின்னா நெஞ்சு இன்னா ஆவும்?"

இரும்பை அமிலத்தில் முக்கி எடுக்கும் ஒரு பட்டறை அங்கே இருந்தது. தங்கையின் மகளுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக இழுப்பு. சாப்பிடும்போது அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்து, பறக்கும்போது மாமாவுக்குப் பயமாக இருக்குமா என்று கேட்டாள். வாக்கியத்தின் நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைக் கேட்டாள். அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, அந்த வீட்டில் அது பழகிப்போயிருந்தது.

தெருக்காரர்கள் மனுப் போட்டார்கள். மேலிடம் எங்களிடம் தள்ளியது: ஏழு நாள் காலை அந்தத் தெரு மேல் பறந்து அளந்து சொல்லுங்கள். தங்கை குடும்பத்துக்கு அதே சமயம் வெள்ளானூரில் ஒரு வீடு வந்திருந்தது. வெட்டவெளி, நல்ல காற்று, ஆனால் புருஷன் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் தூரம். போவதா வேண்டாமா என்று அண்ணனைக் கேட்டார்.

"ஒரு வாரம் பொறு. அளந்துட்டு சொல்றேன்" என்றார் இவர்.

திங்கட்கிழமை முதல் பறக்கவேண்டும். ஞாயிறு மதியம் நான் போய்க் கரி மாற்றவேண்டும். புதுக் கரியை ஓவனில் இரண்டு மணி நேரம் வறுத்து, ஆறவைத்து, குழாயில் தட்டித் தட்டி நிரப்பவேண்டும். எடுத்த பழைய கரியை எறியவும் கூடாது. அவர் சொற்படி ஜாம் பாட்டிலில் போட்டு, தேதி ஒட்டி, அலமாரியில் அடுக்கவேண்டும். போனேன். ஓவனைப் போடும்போதே மணி நாலு. அன்று சாயங்காலம் டிவியில் நல்ல படம். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி, தெருவே வந்து உட்கார்ந்திருக்கும், நான் இல்லாமல் எப்படி? பழைய கரி இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, ஓவனை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். காரணம் அவ்வளவுதான், ஒரு சினிமா.

திங்கள் காலை வெளுக்கும் நேரத்தில் கொரட்டூர் ஏரிக்கு மேலே வந்தோம். பனிக்காலக் காலைகளில் புகை மேலே ஏறாது, விரித்த பாய் மாதிரி வீடுகளின் மேல் அப்படியே படிந்திருக்கும். அந்தப் பட்டறையின் கூரையிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு கோடு கிளம்பி அந்தப் பாயில் கரைந்துகொண்டிருந்தது. தொழிற்பேட்டை மேல் வந்ததும் அவர் வால்வைத் திருப்பினார். பேனா இறங்கவேண்டிய அளவு இறங்கவில்லை. திருகைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். முகம் சுருங்கியது.

என்ஜின் சத்தத்தில் பேச முடியாது, அட்டையில் எழுதித்தான் பேசுவோம். அவர் என் மடியிலிருந்த அட்டையை இழுத்து, "கரி?" என்று எழுதினார்.

நான் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

அவர் தலையாட்டினார். பம்ப் சூடாகியிருக்கும் என்று சைகையில் சொல்லிவிட்டு, பேனாவைக் கோட்டுக்கு இறக்கி உட்காரவைத்தார். வால்வைத் திறந்தார். தங்கை வீட்டுத் தெரு கீழே போயிற்று. பேனா ஏறவில்லை.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிறு நிறைந்த கரி எதையும் தின்னாது. புகையை அப்படியே உள்ளே விட்டுவிடும். அந்தப் புகைக்குத்தான் அவர் பேனாவை இறக்கிவைத்தார். அதே புகைதான் தெருவின் மேலும் இருந்தது. எனவே தெருவில் ஒன்றுமில்லை என்று கருவி சொன்னது. எல்லோரையும்போல மீனம்பாக்கத்தில் சைபர் போட்டுவிட்டு வந்திருந்தால்கூடப் பேனா ஏறியிருக்கும். அவருடைய ஒழுங்கு என்னுடைய பொய்யோடு சேர்ந்துதான் அந்தப் புகையை இல்லாமல் ஆக்கியது.

செவ்வாய்க்கிழமையாவது மாற்றியிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை பேனா ஏறினால் திங்கட்கிழமை டிக் பொய்யென்று தெரிந்துவிடும். புதன்கிழமை மாற்றினால் இரண்டு நாள் பொய். இப்படியே ஏழு நாளும் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பிடி சோறு கூடப் போட்டால் மறைக்கலாம், நான் மறைத்தேன்.

அறிக்கை போயிற்று: குறிப்பிடத்தக்க அளவில் ஏதுமில்லை. அவர் தங்கை வீட்டுக்குப் போனபோதும் நான் கூட இருந்தேன்.

"ஏழு நாள் சைபர் போட்டு பாத்தேன். அந்தப் பொகைல ஒண்ணும் இல்ல. வேற டாக்டர பாரு. ஊட்ட வுட்டு எங்கயும் போவத் தேவை இல்ல."

"கண்ணால பாக்குறேனே அண்ணே, செவப்பா வருதே."

"கண்ணு பொய் சொல்லும். இது சொல்லாது."

தங்கை என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். வெள்ளானூர் வீட்டுக்கு வேறு யாரோ போனார்கள்.

அடுத்த மார்கழியில், மூன்று நாள் தொடர்ந்து பனியும் புகையும் இறங்காமல் கிடந்த ஒரு காலையில், தங்கையின் மகள் இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் வழியில், ஆட்டோவில். புகைதான் காரணம் என்று டாக்டர் எழுதவில்லை. அல்ல என்றும் என்னால் சொல்ல முடியாது. வெள்ளானூர் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வியோடுதான் நான் இன்றுவரை படுக்கிறேன், எழுகிறேன்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், அவர் ஆய்வுக்கூடத்தில் ஜாம் பாட்டில்கள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்றாகத் தேதி படித்துக்கொண்டே வந்தார். கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. நான் கதவருகே நின்றேன். எனக்கு அந்த நேரம் எதுவும் உறைக்கவில்லை. அறிக்கை போனபிறகு யாருமில்லாதபோது குழாயைப் பிரித்துப் புதுக் கரி நிரப்பியிருந்தேன், பழையதைக் குப்பையில் கொட்டியிருந்தேன், கதை முடிந்தது என்று நம்பியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்ட பாட்டில் அங்கே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டீ சாப்டலாம், வா நைனா" என்றார்.

அந்த மாதமே அவர் பறப்பதை நிறுத்திவிட்டார். "காது அடைக்குதுப்பா. வயசாச்சி. நீ போய் குந்து என் எடத்துல." என்னைவிட அவருக்கு நாலு வயதுதான் அதிகம். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான் அவருடைய இருக்கையில் உட்கார்ந்தேன். அவருடைய திருகை நான் திருப்பினேன். தொண்ணூறுகளின் பாதிவரை அப்படியே ஓடிற்று. தினமும் மதியம் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவர் வீட்டு மீன் குழம்பில் பாதி எனக்கு. ஒருநாள்கூட அந்த ஏழு காலைகளைப் பற்றி அவர் பேசவில்லை. பேசாததற்கு நான் நன்றியோடு இருந்தேன்.

ஒன்று மட்டும் கவனித்தேன். மார்க்கெட்டில் அவரைக் கண்டதும் கடைக்காரரே பழக்க தோஷத்தில் வெறும் தராசைத் தூக்கிக் காட்டினார்: "பாத்துக்க சார், முள்ளு நடுவுல கீது." இவர் பார்க்கவில்லை. "போடு, போடு" என்று பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்காரருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. எனக்குச் சொல்லமுடியாத பயம் வந்தது.

போன வாரம்தான் நடந்தது என்பதுபோல அவர் அடக்கம் நினைவில் இருக்கிறது. ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். கடைசியில் பூந்தமல்லிக் கல்லறைத் தோட்டத்தில், மதில் ஓரமாக இடம் கிடைத்தது. தங்கை வரவில்லை. "அண்ணன் தங்கச்சி பேச்சில்ல சார், அந்தப் பொண்ணு போனதுலேந்து" என்றார் அவருடைய மனைவியின் தம்பி. அது எனக்குப் புதுச் செய்தி. ஐந்தாம் நாள், விலாசம் வாங்கிக்கொண்டு தங்கையைத் தேடிப் போனேன். அவர்கள் கடைசியில் வெள்ளானூருக்கே குடிபோயிருந்தார்கள்.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். சுவரில் அந்தப் பெண்ணின் படம் இருந்தது, நான் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

"அடக்கத்துக்கு வரலியேன்னு திட்ட வந்தீங்களா?" என்றார். "திட்டிக்கோங்க. எம் பொண்ண பொதைச்ச பதினாறாம் நாளு அவனே வந்தான் சார். கருவில கரி மாத்தணுமாம், மாத்தாம உட்டுட்டானாம். 'மறந்துட்டேன், தப்பு என்னுதுதான், ஆபீசுக்கும் எழுதிக் குடுத்துட்டேன்'னு வாசல்ல நின்னுகினு அழுவறான். உள்ள உடல நான். ஊருக்கெல்லாம் மொதல்ல சைபர் பாருன்னு சொல்றவன், எம் பொண்ணு வெஷயத்துல மறந்துட்டேன்றான். எப்படி சார் மூஞ்சி பாக்குறது?"

அப்படியானால் அவருக்குக் காது அடைக்கவில்லை. அவரை விமானத்திலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அவர் எழுதிக்கொடுத்த காகிதத்தின் மேல்தான் நான் இத்தனை வருடம் உட்கார்ந்து பறந்திருக்கிறேன்.

"அவர் மறக்கலம்மா" என்றேன். "மாத்த வேண்டியது நான். மாத்திட்டேன்னு அவர்கிட்ட பொய் சொன்னதும் நான்."

பின்கட்டில் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கு. என்னை ஒருநாளும் கேட்டதில்ல."

"ஆஸ்பத்திரிலேந்து தெனம் ஆள் அனுப்சான் சார். ஒருவாட்டி வந்துட்டுப் போவச் சொல்லி. பதினோரு நாளு. நான் போவல." குரல் உயரவே இல்லை. "நீ போன வாரம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் எழுந்து, கதவு மூலையிலிருந்த செருப்பைக் காலால் இழுத்து மாட்டிக்கொண்டார்.

"எழுந்திரு. எங்க பொதைச்சாங்கன்னு காட்டு."

ஆவடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பூந்தமல்லிக்கு இன்னொன்று. இரண்டிலும் அவர் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்குகிறவரை அவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.